மூச்சுக்கு விலை என்ன?

மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை

“மெக்கானிக்கல் படிக்கிற நீ ஆஸ்பத்திரியைப் பத்தி ஏன்டா எழுதற? லேத், மில்லிங்னு ஏதாவது எழுதேன்” என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றும் சாமான்களில் பாதிக்கு மேல் நம்முடைய பாடப் புத்தகத்தில் இருப்பவைதான் நண்பர்களே! வால்வு, பம்ப், ஸ்பிரிங், ரப்பர் சீல், பிரஷர் கேஜ். டாக்டர் கையில் இருக்கும்போது அதற்கு வேறு பெயர், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேப்பமரத்தடியில் சைக்கிள் கடை. இப்போது சைக்கிள் குறைந்து போய் பைக் பஞ்சர்தான் அதிகம் வருகிறது. அம்மா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஆகவே ஒரு கண் சைக்கிள் கடையிலும் ஒரு கண் ஆஸ்பத்திரியிலும் வைத்து வளர்ந்தவன் நான். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் இருக்கும்.

நாக்குதான் எதிரி

ஒரு மனிதன் மயங்கி மல்லாந்து விழுந்தால் முதலில் அவனுக்கு எதிரியாவது அவன் நாக்குதான். தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று போகாது. மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே சேதம் ஆரம்பித்துவிடும். மருந்து, ஊசி, ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் காற்று போக வழி வேண்டும்.

இதற்கு முதல் கருவி நம் இரண்டு கைகள்தான். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை மேலே தூக்கினால் நாக்கும் கூடவே எழும்பி வழி திறக்கும். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். காசு பைசா செலவில்லை.

அடுத்தது வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். மயங்கியவரின் வாயில் வைத்தால் நாக்கைப் பின்னால் விழாமல் தாங்கிக்கொள்ளும். 1933-இல் ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் வடிவமைத்தது. இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே வளைவுதான். உதட்டு ஓரத்திலிருந்து தாடைக் கோணம் வரை வைத்துப் பார்த்து அளவு எடுப்பார்கள். வெர்னியர் காலிபர் தேவையில்லை! விலை சில பத்து ரூபாய்.

அதற்கு அடுத்த படிதான் என் கதையின் நாயகன்: கையால் அமுக்கும் பை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் ‘அம்பு பேக்’ என்பார்கள். முகத்தில் மாஸ்க்கை வைத்து, பையை அமுக்கினால் காற்று நுரையீரலுக்குப் போகும். கையை விட்டால் பை தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சாதாரணக் காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜனை வைத்தே உயிரைப் பிடித்து வைக்கலாம்.

மாணவர்கள் அமுக்கிய பை

இந்தப் பை வந்த கதை நம்மைப் போன்ற மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1952-இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் தினமும் வந்து குவிந்தார்கள். அங்கிருந்த பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கும் இயந்திரங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள்.

ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் இரவும் பகலும் யார் அமுக்குவது? சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்டு போட்டு வந்து அமுக்கினார்கள். மாதக்கணக்கில்! இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு நாம் ஐ.சி.யு. என்று சொல்கிறோமே, அது பிறந்தது அங்கேதான் என்பார்கள்.

அந்தப் பைக்கு ஒரு குறை இருந்தது. சிலிண்டர் வாயு வந்தால்தான் அது உப்பும். 1950-களின் நடுவில் அந்த நாட்டில் லாரி ஸ்டிரைக் வந்து ஆக்சிஜன் வருவதே சிக்கலானது. சிலிண்டர் இல்லாமலே தானாக உப்பும் பை ஒன்று வேண்டும் என்று ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து டாக்டர் யோசித்தார். அவர் செய்த முதல் மாதிரியில் பையை விரித்து வைக்க எதைப் போட்டார் தெரியுமா? சைக்கிள் சக்கரத்துக் கம்பி! பிறகு ஹோல்கர் ஹெசே என்ற பொறியாளரோடு சேர்ந்து 1956-இல் அந்தப் பையை உலகத்துக்குக் கொடுத்தார்.

இதை நான் அப்பாவிடம் சொன்னபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“நம்ம சைக்கிள் கம்பியாடா?”

“ஆமாப்பா. ஸ்போக்ஸ் கம்பிதான்.”

“அப்ப அந்த டாக்டரும் நம்ம ஆளுதான்” என்று சிரித்தார். அன்றைக்குக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தங்கையும் ஒரு பையும்

எனக்கு ஏழு வயதில் தங்கை பிறந்தாள். பிறந்தவுடன் அழவில்லை. அம்மா இன்றும் சொல்வார்: “நீலமா, துணி மாதிரி கிடந்தாடா. நான் செத்துட்டான்னே நெனச்சேன். சிஸ்டரம்மா துணியால தொடச்சு, முதுகத் தேய்ச்சுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு சின்னப் பைய மூஞ்சில வச்சு அமுக்க ஆரம்பிச்சாங்க. வாய்க்குள்ளயே ஏதோ எண்ணிக்கிட்டே அமுக்குனாங்க. அப்பத்தான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு.”

சிஸ்டர் என்ன எண்ணினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அமுக்க வேண்டும். ‘அமுக்கு, இரண்டு, மூன்று’ என்று எண்ணினால் அந்த வேகம் வந்துவிடும். பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு முதல் மூச்சுக்கு ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலோருக்குத் துடைப்பதும் தேய்ப்பதுமே போதும். சிலருக்குப் பை. அதற்கும் மேலான சிகிச்சை தேவைப்படுவது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. பிறந்த முதல் ஒரு நிமிடத்தைத்தான் ‘பொன் நிமிடம்’ என்கிறார்கள். அந்த நிமிடத்துக்குள் பை வேலை செய்ய வேண்டும். 2010-இல் ஆரம்பித்த ‘குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்’ என்ற உலகளாவிய பயிற்சியின் சாரமே இதுதான். நம் நாட்டிலும் 2009-லேயே இதற்காக நவஜாத் சிசு சுரக்ஷா என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது.

என் தங்கை இப்போது ஆறாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுகிறாள். “இவளுக்கு அன்னிக்கு ஓவராக் காத்தடிச்சுட்டாங்க” என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஒரு ரூபாய்க் காசளவு ரப்பர்

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு, அம்மாவின் நைட் டூட்டியில், தெரிந்த குடும்பத்துப் பெண்ணுக்குப் பிரசவம். அந்தக் குழந்தையும் அழவில்லை. சிஸ்டர் பையை எடுத்து அமுக்கினார். பை அமுங்குகிறது, நெஞ்சு எழும்பவில்லை. தலையைச் சரிசெய்து, மாஸ்க்கை மாற்றி வைத்து மறுபடி அமுக்கியும் பலனில்லை. வேறு வார்டிலிருந்து இன்னொரு பையை ஓடிப் போய் எடுத்து வந்தார்கள். பிறகு ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது குழந்தை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

முதல் பை சரியாக இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். ஆனால் அந்தப் பையை மறுநாள் பிரித்துப் பார்த்தபோது, காற்று உள்ளே வரும் முனையில் இருக்க வேண்டிய ரப்பர் தகடு இல்லை. கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டும்போது எங்கேயோ விழுந்திருக்கிறது. ஒரு ரூபாய்க் காசளவு ரப்பர். அது இல்லாவிட்டால் அமுக்கும் காற்றெல்லாம் பின்பக்கமாகவே வெளியேறிவிடும். பை அமுங்குவது கண்ணுக்குத் தெரியும், குழந்தைக்குக் காற்று போகாது.

சைக்கிள் டியூபில் வால் டியூப் அறுந்திருந்தால் எத்தனை பம்ப் அடித்தாலும் காற்று நிற்காதே, அதே கதைதான். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தச் சிஸ்டர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம். ஒரே ஆள், மூன்று பிரசவம், நடுராத்திரி. யாரைக் குறை சொல்வது?

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். இது மருத்துவப் பிரச்சினை இல்லை, மெயின்டனன்ஸ் பிரச்சினை. நாம் படிக்கும் பாடம்!

விலை குறைந்தால் மட்டும் போதுமா?

நல்ல சிலிக்கான் பை ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பி.வி.சி. பை அதைவிட மலிவு, ஆனால் ஒரே ஒரு நோயாளிக்கென்று செய்தது. பணம் குறைந்த ஆஸ்பத்திரிக்கு எது லாபம்? பில்லில் பார்த்தால் பி.வி.சி. ஐம்பது தடவைக்குக் கணக்குப் போட்டால் சிலிக்கான். ஆனால் ஐம்பது தடவையும் பிரித்து, கழுவி, சரியாக மாட்ட வேண்டும். அங்கேதான் ரப்பர் தகடு தொலைகிறது.

ஆர்ச்சி பிரெய்ன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1981-இல் ஒரு மாஸ்க் செய்தார். மூக்கில் வைக்கும் பல் டாக்டர் மாஸ்க்கைப் பார்த்து, இதையே தொண்டைக்குள் குரல்வளை மேல் உட்கார வைத்தால் என்ன என்று யோசித்ததன் பலன் அது. மூச்சுக்குழலுக்குள் குழாய் விடுவதைவிட இதைக் கற்பது எளிது. அந்த மாஸ்க்கின் மூல வடிவத்தைக் கிருமி நீக்கி 40 தடவை வரை பயன்படுத்தலாம். ஆனால் எத்தனையாவது தடவை என்று யாராவது எழுதி வைக்க வேண்டுமே!

பக்கத்து நாடான வங்கதேசத்தில் டாக்டர் முகமது ஜோபாயர் சிஸ்தி என்பவர் காலி ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூச்சுவிடும் குழாயின் மறுமுனையை அதில் முக்கி வைத்தார். நீருக்குள் குமிழி விடும் அழுத்தம் நிமோனியா வந்த குழந்தையின் நுரையீரலை மூடிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. 2015-இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரணமாக ஆக்சிஜன் கொடுத்த குழந்தைகளில் 100-க்கு 15 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 4 பேர்தான். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது.

ஆனால் இதே தத்துவத்தில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே குமிழி முறையில் இறப்பு குறையவில்லை, அதிகமாகவே இருந்தது. அங்கே அந்தச் சிகிச்சையைத் தினமும் அருகிலிருந்து கவனிக்க டாக்டர் இல்லை. ஆகவே நண்பர்களே, சாமான் மலிவாக இருப்பது பாதி வேலைதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள், உதிரி பாகம், பழக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் கருவி. ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் உபகரணங்களில் நூற்றுக்குச் சுமார் 40 வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. பெரும்பாலும் வேண்டியது ராக்கெட் விஞ்ஞானியா? இல்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த, பொறுப்புள்ள ஒரு டிப்ளமோக்காரன்!

நாங்கள் செய்தது

முதலில் ஒரு பேப்பர். டாக்டரிடம் அனுமதி வாங்கி, சிஸ்டரிடம் கேட்டுக் கேட்டு, நானும் வகுப்பு நண்பர்கள் இருவரும் தமிழில் எழுதினோம். ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் பையை எடுத்துப் பார்க்க வேண்டியவை நான்கு:

1. காற்று வெளிவரும் வாயை உள்ளங்கையால் மூடிப் பையை அமுக்கு. அமுங்காமல் எதிர்க்க வேண்டும். குழந்தைப் பையாக இருந்தால் பாதுகாப்பு வால்வு ‘உஸ்’ என்று சத்தம் போட வேண்டும்.
2. கையை எடுத்துவிட்டு அமுக்கு. வாத்து மூக்கு மாதிரி இருக்கும் வால்வு திறக்க வேண்டும்.
3. கையை விடு. பை உடனே உப்ப வேண்டும்.
4. மாஸ்க் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா பார்.

பத்து வினாடி வேலை. பிரசவ வார்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. நூல் கட்டியது அம்மாவின் யோசனை. “பேனா இல்லேன்னா யாருடா டிக் போடுவா?” என்றார். படிக்காதவர் என்று யார் சொன்னது?

இரண்டாவது, எங்கள் புராஜெக்ட். காலால் மிதிக்கும் உறிஞ்சு கருவி. வாயில் சளி, ரத்தம், வாந்தி அடைத்துக்கொண்டால் பை அமுக்கியும் பயனில்லை, முதலில் அதை உறிஞ்ச வேண்டும். கரண்ட் போய்விட்டால் மோட்டார் உறிஞ்சி நின்றுவிடும். கடையில் மிதி உறிஞ்சி சில ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிறது. நாங்கள் அப்பா கடையில் கிடந்த பழைய கால் பம்பை எடுத்தோம். உள்ளே இருக்கும் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டால் காற்றை அடிக்கும் பம்ப் காற்றை இழுக்கும் பம்பாகிவிடும். வெளியேறும் வால்வையும் திசை மாற்ற வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புரொபசரும் இல்லை, அப்பாதான்.

இங்கே கணக்கு வந்தது. காற்றடிக்கும்போது காலின் பலம் வேலை செய்கிறது. இழுக்கும்போது திரும்பி வரும் ஸ்பிரிங்தான் வேலை செய்ய வேண்டும். 50 மி.மீ. சிலிண்டரில் 400 மி.மீ. பாதரச அளவு வெற்றிடம் வேண்டுமானால் ஏறத்தாழ 10.7 கிலோ விசை தேவை. பழைய ஸ்பிரிங் அவ்வளவு தாங்காது. 15 கிலோ ஸ்பிரிங் போட்டோம். பிறந்த குழந்தைக்கு 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, இளம் தசை கிழிந்துவிடும். அதற்கு ஒரு பால்ரஸ் குண்டும் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கும் வைத்துப் பாதுகாப்பு வால்வு செய்தோம். 100-ஐத் தாண்டினால் வெளிக்காற்றே குண்டை உள்ளே தள்ளி வழி திறந்துகொள்ளும். ஹைட்ராலிக்ஸ் லேபில் கேஜ் மாட்டி 50 தடவை சோதித்தோம். மொத்தச் செலவு 640 ரூபாய்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை எந்த நோயாளிக்கும் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. லைசென்ஸ், பரிசோதனை எல்லாம் தாண்டித்தான் ஒரு கருவி வார்டுக்குள் போக வேண்டும். அதுதான் சரி. எங்கள் துறைத் தலைவர் முதல் நாளே இதைச் சொல்லி, மெஷின் மேல் ‘செயல்விளக்கத்துக்கு மட்டும்’ என்று பெயின்ட் அடிக்க வைத்தார்.

வீட்டில் ஒரு பேச்சு

கேம்பஸில் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது. நானோ டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. பயோமெடிக்கல் சேர ஆசைப்படுகிறேன். இன்னும் மூன்று வருஷம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒரு நாள் ராத்திரி கேட்டார்: “அதைப் படிச்சா அந்தப் பைய ரிப்பேர் பாக்கற வேலை கெடைக்குமா?”

“பை மட்டும் இல்லப்பா. ஆஸ்பத்திரி மெஷின் எல்லாமே.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு வருஷம் வேலைக்குப் போ. கடன் பாதி கொறையட்டும். அப்புறம் படி. நானும் கடைய மூடிடல” என்றார். சரி என்றேன். ஒரு வருஷம் தள்ளித்தான் போகிறது, கைவிட்டுப் போகவில்லை.

தம்பி தங்கைகளுக்கு

அதனால் இந்த ஜூனுக்குப் பிறகு நான் இங்கே இருக்க மாட்டேன். இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் புராஜெக்ட் ஃபைல், டிராயிங், சோதனை அட்டவணை எல்லாம் துறை நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பையின் வால்வைத் தப்பாக மாட்டவே முடியாதபடி, தகடு இல்லாமல் மூடியே மூடாதபடி வடிவமைக்க முடியுமா? ஜப்பானியர் ‘போக்கா யோக்கே’ என்பார்களே, தொழிற்சாலை மேலாண்மைப் பாடத்தில் படித்தோமே, அதுதான். பிளாஸ்டிக் துறை நண்பர்கள், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கூடச் சேரலாம்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ரத்த தான முகாம் நடத்துகிறோம், மிக நல்லது. அதோடு மாதம் ஒரு சனிக்கிழமை, டாக்டர் அனுமதியோடு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாணவர்களை அனுப்புங்கள். பேரவை நிதியில் கொஞ்சம் எடுத்து, கம்பெனியின் அசல் ரப்பர் தகடுகளை ஒரு டப்பா வாங்கி அலமாரியில் வைக்கக் கொடுங்கள். இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கோபன்ஹேகன் மாணவர்கள் மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். நாம் அமுக்க வேண்டாம், அந்தப் பை அமுங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் சனிக்கிழமைக்கு வருகிறவர்கள் துறை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பேனா நூலில் கட்டியிருக்கிறது.